சம உயரத்தில் இரண்டு கருவிகள்

வட்டப்பாறைத் தோட்டத்தில் வாசிப்பு மேம்படப் போகிறது என்று செய்தி வந்த அன்றே, அங்கிருந்த வாசிகசாலைப் புத்தகங்கள் அத்தனையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏற்ற வந்தவர்கள் மரியாதையானவர்கள். மலைநாட்டு வாசிப்பு மேம்பாட்டுச் சபையின் ஹட்டன் காரியாலயத்திலிருந்து வந்திருந்தார்கள். புத்தகங்களில் தூசி இருக்கிறது, தூசி மின்கருவிகளுக்கு ஆகாது, ஆகவே கருவிகள் வருவதற்கு முன்னால் புத்தகங்கள் போயாக வேண்டும் என்று யூஜினாவுக்கு விளக்கினார்கள். கருவிகள் எப்போது வரும் என்று அவள் கேட்டாள். எந்தக் கருவி என்று தீர்மானித்த பிறகு வரும் என்றார்கள். எப்போது தீர்மானிப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. வாசிகசாலைப் பொறுப்பாளர் என்ற அவளுடைய வேலையை வருடா வருடம் புதுப்பித்துத் தருவது அந்தச் சபைதான். அப்படிப்பட்ட சபையிடம் ஒருநாளில் ஒரு கேள்விக்கு மேல் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லை.

லொறி மஸ்கெலியா ரோட்டில் இறங்குமுன் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அலுமாரிகள் வெறுமையாக இருந்தாலும் வாசிகசாலை தினமும் திறந்திருக்க வேண்டும். வாசகர் வருகை குறையக் கூடாது.

ஆகவே யூஜினா தினமும் பின்னேரம் கதவைத் திறந்தாள். வெறும் அலுமாரிகளைத் துடைத்தாள். பென்ஷன் வாங்கிய கங்காணி மாயாண்டி வழமைபோல வந்து, வழமையான கதிரையில் உட்கார்ந்து, பேப்பர் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். அவரையும் ஒரு வாசகராகக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

வினோதா அப்படி எழுந்து போகக்கூடியவள் அல்ல. பகலெல்லாம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வாசிகசாலைக்கு ஓடிவருகிறவள். உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட முறையில் தோற்றப் போகிறாள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கையகலம் குறைந்துபோனது. மூன்றாவது முறைதான் கடைசி. அதற்கு மேல் எழுதினாலும் பல்கலைக்கழகம் எடுக்காது. அரசியல் விஞ்ஞானப் பாடநூல்கள், தமிழ் இலக்கிய வழிகாட்டி, கட்டிவைத்த பழைய வினாத்தாள்கள் எல்லாம் அந்த வாசிகசாலையில்தான் இருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பதும் லேசில்லை. தோட்டக் குடியிருப்பான லயத்தில் ஒரே அறை. அம்மா வேலாயி விடிவதற்கு முன் எழும்புகிறவள் என்பதால் விளக்கை நேரத்தோடு அணைத்துவிடுவார்கள்.

லொறி போன அன்று அவள் வந்து அலுமாரிகளைப் பார்த்தாள். பிறகு யூஜினாவைப் பார்த்தாள்.

"எப்பக்கா திருப்பித் தருவாங்க?"

அடுத்த கிழமை என்றாள் யூஜினா. அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

அடுத்த கிழமை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வினோதா வாய்திறந்து கேட்பதை நிறுத்திவிட்டு, தினமும் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினாள். அதைத் தாங்க முடியாமல் யூஜினா ஒருநாள் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனாள்.

சபைக் காரியாலயத்தில் இரண்டு கட்சிகள் இருந்ததை அவள் அங்கே போய்த்தான் அறிந்தாள். ஒன்று ஒளியுள்ள கட்சி. அதன் தலைவர் தொழில்நுட்ப இணைப்பாளர் மிலான். டெப் என்று எல்லோரும் சொல்கிற, பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற பலகைதான் மலையகத்தை முன்னேற்றும் என்பது அவருடைய நிலைப்பாடு. மற்றது ஒளியற்ற கட்சி. அதை நடத்தியவர் பிரதிப் பணிப்பாளர் மார்கிரட். கடதாசியைப் போலவே தோன்றுகிற, தனக்கென்று வெளிச்சம் இல்லாத மின்மை வாசிப்பான்தான் கண்ணுக்கு நல்லது என்பது அவருடைய கொள்கை. மிலான் வரும்போது மார்கிரட்டின் அறை விளக்குகள் அணையும். மார்கிரட் வரும்போது மிலான் தன்னுடைய திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவார். இரண்டு பேரும் ஒரே தேநீர்க் கேத்தலைப் பாவித்தார்கள், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல.

கட்சிகளுக்குக் கீழே உபகுழுக்கள் இருந்தன. குளிரில் மின்மையின் பக்கம் புரளத் தாமதமாகிறதா என்று பார்க்க மூடுபனி உபகுழு. கொழுந்துக் கறை படிந்த விரலை டெப் உணருமா என்று பார்க்க விரல் உபகுழு. இரண்டு குழுக்களும் குளிரைப் பற்றி அறிந்துகொள்ள வெயில் நாடொன்றுக்குப் போய்வந்திருந்தன. அத்தனை பேரும் ஆராய்ந்துகொண்டிருந்தது மொத்தமே இரண்டு கருவிகளை. ஒரு டெப், ஒரு மின்மை. மற்றவை தீர்மானத்துக்குப் பிறகு வாங்கப்படும்.

சபையின் தலைவர் ஆண்டியப்பன் அவளை உட்காரச் சொன்னார். தன்மையான மனிதர். அவள் புத்தகங்களைப் பற்றிக் கேட்டதும் கண்களை மூடிக்கொண்டு, பெரிய கூட்டத்துக்குப் பேசுவது போலப் பேசினார்.

"நாம ஒவ்வொரு அடியாத்தான் வைக்கணும், யூஜினா. முதல்ல எதுல வாசிக்கிறதுன்னு முடிவெடுப்போம். அது முடிஞ்சதும் எதை வாசிக்கிறதுன்னு பார்ப்போம். யாரு வாசிக்கிறதுங்கிறது கடைசி. இடையில அவசரப்பட்டு சனங்க வாசிக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னா, ஆய்வு கெட்டுப்போயிரும்."

யூஜினா தலையாட்டினாள். சொன்னதில் எந்த இடத்தில் தவறு இருக்கிறது என்று அவளால் பிடிக்க முடியவில்லை. ஆனால் பரீட்சைக்கு ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்பதை மட்டும் சொன்னாள்.

தலைவர் கண்ணைத் திறந்தார். தோட்டத்தில் உண்மையாகவே வாசிக்கிற ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றதும் மணியை அடித்து மிலானையும் மார்கிரட்டையும் கூப்பிட்டார். இரண்டு கட்சிகளும் இவ்வளவு காலமும் தேடிக்கொண்டிருந்த ஒன்று கிடைத்துவிட்டது. ஒப்பீட்டுப் பரிசோதனைக்கு ஒரு மாதிரி வாசகர் தேவையாம். சபையில் இருந்தவர்களுக்கு வேலை அதிகம். வாசிப்பதற்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை. வாசிகசாலைப் பொறுப்பாளரான யூஜினாவே மாதிரி வாசகராக அந்த இடத்திலேயே நியமிக்கப்பட்டாள்.

அவள் வெளியே வந்ததும் மிலான் பின்னாலேயே வந்தார். டெப் வென்றால் வட்டப்பாறையில் டிஜிட்டல் கூடம் வரும், அதற்கு அவளை நிரந்தரமாக்கலாம் என்றார். புத்தகங்களை அன்றைக்கே லொறியில் திருப்பி அனுப்புவதாகவும் சொன்னார். மின்மையில் வாசிக்கும்போது கொஞ்சம் தடுமாறினால் போதும். அவர் போய் முடியவில்லை, மார்கிரட் வந்தார். டெப் வென்றால் வாசிகசாலை சார்ஜ் போடுகிற இடமாகிவிடும், அதற்குப் பொறுப்பாளர் எதற்கு என்று கேட்டார். மின்மை வென்றால் புத்தகங்கள் அன்றைக்கே வட்டப்பாறைக்குப் போகும் என்றார். டெப்பில் வாசிக்கும்போது கண்ணைக் கசக்கினால் போதும்.

பஸ்ஸில் திரும்பும்போது யூஜினா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் தருவதாகச் சொன்னார்கள். ஒருவருக்குச் சரி என்றால் மற்றவர் அவளை வேலையிலிருந்து தூக்கிவிடுவார். வேலை போனாலும் புத்தகம் வந்துவிடுமா என்று யோசித்தாள். யார் வெல்வார்கள் என்று தெரியாமல் அதைக்கூடத் தீர்மானிக்க முடியவில்லை. கடைசியில், கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வாசித்துவிடுவது என்று முடிவெடுத்தாள். துணிச்சலால் எடுத்த முடிவு அல்ல. மற்ற இரண்டும் அதைவிடப் பயமாக இருந்தன.

பரிசோதனை நாளில் அவளுடைய நெற்றியில் ஒரு பட்டி கட்டினார்கள். கண்சிமிட்டுவதை எண்ண ஒரு உத்தியோகத்தர் எதிரே குந்தியிருந்தார். திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டு, இதுதான் லயத்து வெளிச்சம் என்றார்கள். லயத்தில் அதைவிட இருட்டு என்று அவள் சொன்னபோது, சராசரி எடுக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. திரையில் தெரிவதை ஒன்றும் விடாமல் வாசிக்க வேண்டும் என்பது விதி.

முதலில் மின்மை. கையில் எடுத்ததுமே அவளுக்கு அது பிடித்துவிட்டது. மெல்லிசாக, லேசாக, கண்ணைக் குத்தாமல் இருந்தது. ஒருமுறை சார்ஜ் போட்டால் கிழமைக் கணக்கில் தாங்கும் என்றார்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற தோட்டத்துக்கு இது நல்லதுதான் என்று நினைத்தாள். இரவில் வாசிக்க வேறு விளக்கு வேண்டியிருக்கும், அது ஒன்றுதான். உள்ளே என்ன புத்தகம் இருக்கிறது என்று பார்த்தாள். இருந்தது ஒன்றே ஒன்று. தலைவரின் ஆசிச் செய்தி.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். முதல் சொல்லிலேயே நாக்கு முடங்கியது. அந்தக் கருவிக்குத் தமிழ் சரியாகத் தெரியவில்லை. கொம்புகள் எழுத்தை விட்டுத் தனியே போய் நின்றன. கால்கள் எங்கோ விழுந்து கிடந்தன. இடையிடையே வெறும் கட்டங்கள். பேருவகை என்று இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததை அவள் உள்ளபடியே வாசித்தாள். அது கேட்க நன்றாக இருக்கவில்லை. மிலான் கதிரையில் சாய்ந்துகொண்டார். மார்கிரட்டின் முகம் இறுகியது. தலைவரின் காது மடல்கள் சிவந்தன. தன்னை வேண்டுமென்றே கேலி செய்கிறாள் என்று அவர் நினைப்பது யூஜினாவுக்கு விளங்கியது.

எழுத்து உடைந்திருக்கிறது என்று அவள் மெதுவாகச் சொன்னாள். தலைவர் எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் நான் எழுதினபடிதான் இருக்கு" என்றார்.

அது குறிப்பில் பதியப்பட்டது.

அடுத்தது டெப். எழுத்துகள் பளிச்சென்று, உடையாமல் இருந்தன. விரலால் இழுத்துப் பெரிதாக்கவும் முடிந்தது. விளக்கு அணைந்த லயத்தில் போர்வைக்குள் வைத்துக்கூட வாசிக்கலாம் என்று யூஜினா நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கண் ஓரத்தில் லேசாக எரிந்தது என்பதும் உண்மை. ஆசிச் செய்தியின் இரண்டாவது பந்தி வரைக்கும் தடங்கல் இல்லாமல் போனாள். அப்போது திரையின் மேல் ஒரு சிறு செய்திக் கட்டம் வந்து விழுந்தது. விதிப்படி அதையும் வாசித்தாள்.

"இன்னிக்கு அந்த மேடத்தோட கறுப்பு வெள்ளப் பலகய மண் கவ்வ வச்சிருங்க மிலான். தலைவருக்குத்தான் ஒண்ணுமே வெளங்காதே."

டெப்பில் மிலான் தன் சொந்தக் கணக்கையே போட்டு வைத்திருந்தார். கண்சிமிட்டலை எண்ணியவர் கூட எண்ணுவதை மறந்துவிட்டார். யூஜினா வாசித்து முடித்த பிறகுதான் தான் எதை வாசித்தோம் என்று உணர்ந்தாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தாள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

தலைவர்தான் முதலில் பேசினார். ஒரு கருவி எழுத்தை உடைத்தது, மற்றது எழுத்தைக் கூட்டியது. ஆகவே இரண்டும் சமம் என்றார். இறுதித் தீர்மானம் ஹட்டன் மண்டபத்தில், கொழும்பிலிருந்து வரும் பிரதம அதிதியின் முன்னிலையில், பொதுமக்கள் பார்க்க எடுக்கப்படும். அந்தத் திகதியைக் கேட்டதும் யூஜினா நாட்களை எண்ணிப் பார்த்தாள். பரீட்சை அதற்கடுத்த கிழமையே ஆரம்பமாகிறது.

அவள் நின்றபடியே பேசிவிட்டாள்.

"சேர், அந்தப் புள்ளைக்கு இதுதான் கடைசித் தடவ. அதுக்கு எந்தக் கருவியும் வேணாம். அதோட புத்தகத்த மட்டும் குடுத்துருங்க. படிச்சு முடிச்சதும் நானே கொண்டாந்து வச்சிர்றேன்."

"ஒரு பிள்ளைக்காகக் கொள்கைய மாத்த முடியாது" என்றார் ஆண்டியப்பன், உண்மையான வருத்தத்தோடு. "நாம செய்யிறதெல்லாம் அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான். அந்தப் பிள்ளையவே விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க. கூடையோட மேடையில நிக்கட்டும். படம் எடுத்துப் பெருசாப் போடுவோம். வாசிப்புக்காக ஏங்கும் மலையகம்னு."

மலையில் இப்போது நைலோன் பைதான் கட்டுகிறார்கள் என்று யூஜினா சொல்லிப் பார்த்தாள். பிரப்பங்கூடைதான் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று இரண்டு கட்சியினரும் முதன்முறையாக ஒரே குரலில் சொன்னார்கள்.

வினோதா மறுப்பாள் என்றுதான் யூஜினா எதிர்பார்த்தாள். அவள் மறுக்கவில்லை. அங்கே போனால் புத்தகத்தைக் கண்ணாலாவது பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

விழா நாளில் ஹட்டன் மண்டபம் நிறைந்திருந்தது. மேடை நடுவில் இரண்டு பீடங்கள், சிவப்புச் சாட்டின் துணியால் தரைவரை மூடப்பட்டிருந்தன. ஒன்றின் மேல் டெப், மற்றதன் மேல் மின்மை. கூடையை முதுகில் மாட்டி, கயிற்றை நெற்றியில் போட்டு, வினோதாவைப் பீடங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள். யூஜினாவுக்கும் ஒரு கடமை தரப்பட்டது. டெப்பின் சார்ஜ் வயர் செருகுகிற இடம் தளர்ந்திருந்தது. பீடங்களின் பின்னால், மண்டபத்தில் இருப்பவர்கள் கண்ணில் படாமல் குந்தியிருந்து, விழா முடியும்வரை அந்த வயரை அவள் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

அவள் குந்தினாள். வயரைப் பிடித்தாள். முழங்கால் சாட்டின் துணியில் இடித்தது. துணி கொஞ்சம் விலகியது. உள்ளே அவளுடைய கையெழுத்து இருந்தது.

புத்தக முதுகில் அவள் ஒட்டிய சீட்டு. அதன் மேலும் கீழும் இன்னும் சீட்டுகள். பீடங்கள் இரண்டும் வட்டப்பாறை வாசிகசாலைப் புத்தகங்களால் அடுக்கப்பட்டிருந்தன. காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டாள். எந்தக் கருவி உயரத்தில் நிற்பது என்று இரண்டு கட்சிகளும் சண்டை பிடித்ததால், இரண்டையும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரத்தில் வைக்க வேண்டியிருந்தது. தச்சன் செய்த மேசைகள் சரிவரவில்லை. புத்தகங்களென்றால் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து உயரத்தைச் சமப்படுத்தலாம். சபை அந்தப் புத்தகங்களால் அடைந்த ஒரே பயன் அதுதான்.

அரசியல் விஞ்ஞானம் டெப்பின் கீழே இருந்தது. தமிழ் வழிகாட்டியும் வினாத்தாள் கட்டும் மின்மையின் கீழே. மேடைத் திரைச்சீலைக்கு அருகே பெட்டி பெட்டியாக அச்சிட்ட ஒப்பீட்டு அறிக்கைகள், விழா முடிவில் பகிர்வதற்காக வைக்கப்பட்டிருந்தன. தடித்த அறிக்கைகள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அவளுக்கு முன்னால், பீடங்களின் இடைவெளியில், வினோதாவின் முதுகும் வெறும் கூடையும் தெரிந்தன.

ஆண்டியப்பன் பேசத் தொடங்கினார். யூஜினா இடது கையால் வயரை அழுத்திக்கொண்டு, வலது கையால் ஓர் அறிக்கையை இழுத்தெடுத்தாள். அதன் முனையால் முதல் புத்தகத்தைப் பக்கவாட்டில் தள்ளி, புத்தகம் வெளியே வர வர அறிக்கையை உள்ளே செருகினாள். தடிமன் ஏறக்குறையச் சரியாக இருந்தது. எழும்பாமல், பீடங்களின் இடைவெளியால் கையை மட்டும் நீட்டி உயர்த்தி, புத்தகத்தைக் கூடைக்குள் இறக்கினாள்.

வினோதாவின் தோள் சிறிது அசைந்தது. நெற்றிக் கயிறு இறுகியது. அவள் திரும்பவில்லை. நாள் முழுக்க முதுகில் பாரம் ஏறுவதைப் பார்த்தவள். ஏறினது கொழுந்து இல்லை என்பது அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்க வேண்டும். படப்பிடிப்பாளர், இப்போதுதான் சிரிப்பு இயல்பாக இருக்கிறது என்றார்.

"இன்றைய தினம்" என்று தலைவர் மைக்கில் சொன்னார், "புத்தகம் என்னும் பாரம் மலையகப் பெண்ணின் முதுகிலிருந்து இறக்கி வைக்கப்படுகிறது."

இரண்டாவது புத்தகம் ஏறியது. மூன்றாவது சிக்கிக்கொண்டது. யூஜினா இழுத்தாள். பீடம் ஆடியது. மேலே டெப் வழுக்கி விளிம்புவரை வந்து நின்றது. மண்டபம் முழுவதும் மூச்சை இழுப்பது கேட்டது. மிலான் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். யூஜினா கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போய்விட்டது, வினோதாவின் பரீட்சையும் போய்விட்டது என்று அந்த நொடியில் நினைத்தாள்.

"பாருங்கள்" என்றார் தலைவர், பிரதம அதிதியைப் பார்த்து. "காற்றுக்கே அசைகிறது. அவ்வளவு லேசான கருவி."

பிரதம அதிதி கைதட்டினார். மண்டபமும் தட்டியது. அந்தச் சத்தத்தில் மூன்றாவது புத்தகம் வெளியே வந்தது. அது மிலானின் வெற்றியாகிவிடக் கூடாது என்று மார்கிரட் எழுந்து, மின்மையின் உறுதியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டார். கிடைத்தது. அவர் பேசி முடிப்பதற்குள் மின்மையின் கீழிருந்த தமிழ் வழிகாட்டியும் வினாத்தாள் கட்டும் கூடைக்குள் போய்விட்டன. வினோதா நெற்றிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

கடைசியில் தீர்மானம் வந்தது. இரண்டு கருவிகளும் சிறந்தவை. ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன்னர், கருவிக்கு எந்த நிறத்தில் உறை போடுவது என்று ஆராயப் புதிய உபகுழு அமைக்கப்படும். பிரதம அதிதிக்கு இரண்டு மாலைகள், சம நீளத்தில், போடப்பட்டன.

வாசலில் காரியாலயக் காவலாளி சோலைமலை நின்றார். வயதானவர். போகிற பொருட்களைப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. வினோதா கூடையோடு குனிந்து வருவதைப் பார்த்து நிறுத்தினார். கூடைக்கு மேல் யூஜினா தன் சால்வையைப் போட்டிருந்தாள். அவர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மேடைப் பக்கம் பார்த்தார்.

"புத்தகத்தக் கையில எடுத்துட்டுப் போனா நிப்பாட்டணும்னுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க" என்றார் சோலைமலை, சால்வையைத் திரும்ப இழுத்துவிட்டு. "முதுகப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல. பஸ் நிக்குது, போங்க தங்கச்சி."

வினோதா பரீட்சை எழுதினாள். அத்தனை நாளும் யூஜினா சரியாகச் சாப்பிடவில்லை. ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போனாள். அவள் எதிர்பார்த்தது நடந்தது. ஹட்டனிலிருந்து கூப்பிட்டார்கள். உடனே வரச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும், உள்ளதைச் சொல்லிவிடுவது என்றும், வினோதாவின் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது என்றும் பஸ்ஸிலேயே மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

சபை முழுவதும் உட்கார்ந்திருந்தது. மேசை மேல் பீடத்திலிருந்து எடுத்த அறிக்கைகள் கிடந்தன. மிலானும் மார்கிரட்டும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். யூஜினா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

"சேர், அந்தப் புத்தகங்க… நான்தான்…"

"தெரியும்" என்றார் ஆண்டியப்பன். "உங்க வாசிகசாலைப் புத்தகங்கதான். முதன்முதல்ல மின்மயமானது உங்களுடையதுதான்."

அவளுக்கு விளங்கவில்லை. தலைவர் எழுந்து நின்று விளக்கினார். விழாவுக்குப் பிறகு துணியை எடுத்துப் பார்த்தபோது சில புத்தகங்கள் இருந்த இடத்தில் இருக்கவில்லை. அந்த இடத்தில் சபையின் அறிக்கைகள் இருந்தன.

"புத்தகம் போயிருக்கு, அது இருந்த இடத்துல அறிக்கை வந்திருக்கு. இதத்தானே நாம இவ்வளவு காலமும் மாற்றம்னு சொல்லிக்கிட்டு வந்தோம்? கொழும்புக்குச் சொல்லியாச்சு. சந்தோஷப்பட்டாங்க. ஒரே ஒரு சிக்கல்தான். அது டெப்பால நடந்ததா, மின்மையால நடந்ததான்னு இவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறாங்க."

டெப்பின் கீழே மூன்று புத்தகம் மாறியது என்றார் மிலான். மின்மையின் கீழே மாறியதில் வினாத்தாள் கட்டு இருந்தது, அதைத் தனித்தனியாக எண்ண வேண்டும் என்றார் மார்கிரட். இரண்டு பேரும் யூஜினாவைப் பார்த்தார்கள். மாதிரி வாசகர் என்ற முறையில் அவள் சொன்னால் ஏற்றுக்கொள்வார்களாம்.

யூஜினா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கோத்திருந்த கைகள் மெல்லப் பிரிந்தன.

"கொஞ்சப் புத்தகத்த வச்சுச் சரியாச் சொல்ல ஏலாதுங்க சேர்" என்றாள். "மிச்சத்தையும் வட்டப்பாறைக்கு அனுப்பிவச்சீங்கன்னா, நானே முழுசா மின்மயமாக்கிட்டுச் சொல்றேன்."

எவ்வளவு காலம் எடுக்கும் என்று தலைவர் கேட்டார். அவசரப்பட்டால் ஆய்வு கெட்டுப்போகும் என்றாள் யூஜினா. தலைவர் அதை மெச்சினார். சபையில் இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறவர்கள் குறைவு என்று சொல்லி, அவளுடைய வேலையை அப்போதே புதுப்பிக்கச் சொன்னார்.

லொறி மறுநாள் பின்னேரம் வந்தது. அதே ஆட்கள்தான் இறக்கினார்கள். இந்த முறை தூசியைப் பற்றி எதுவும் பேசவில்லை. மாயாண்டி கங்காணி வந்து தன் கதிரையில் உட்கார்ந்து, கிடைத்த ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தார். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்தை நிறை போட்டுவிட்டு நேரே வந்தார்கள்.

வினோதா கடைசியாக வந்தாள். பெறுபேறு வர இன்னும் மாதங்கள் இருந்தன. என்ன வரும் என்று அவளுக்கும் தெரியாது, யூஜினாவுக்கும் தெரியாது. அவள் அரசியல் விஞ்ஞான அலுமாரியைத் தாண்டிப் போனாள். தமிழ் வழிகாட்டியையும் தாண்டினாள். மூலையில், எந்தப் பரீட்சையிலும் கேட்காத கதைப் புத்தகங்கள் இருந்த தட்டின் முன்னால் நின்று, நீண்ட நேரம் பார்த்து, ஒன்றை எடுத்தாள். வெளிச்சம் இன்னும் இருந்த ஜன்னல் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேசை மேல் யூஜினாவின் போன் அடித்தது. மிலான். டெப்பா, மின்மையா என்று ஏதாவது தெரிய வந்ததா என்று கேட்டார்.

ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்று யூஜினா மெதுவாகச் சொன்னாள், வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தொந்தரவாகாமல்.